கடற்கரை வெளிச்சமும் ஒளிமானியும்: கடப்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில், இடைக்கழிநாடு பேரூராட்சிக்குள் இருக்கும் கடற்கரை ஊர் கடப்பாக்கம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர்ப்பெயரோடு இணைந்து வருவதும் இதே இடைக்கழிநாடுதான். இங்கே உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே ஆலம்பரைக் கோட்டை சிதைந்து நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்ட இக்கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது; 1760இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்து இடித்தனர். எஞ்சிய பகுதிகள் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது மேலும் சேதமடைந்தன.

அந்த ஆண்டுக்கு முன் இக்கோட்டையை எடுத்த படங்கள் பெரும்பாலும் ஃபிலிமில் எடுத்தவையே. ஃபிலிமில் வெளிச்சத்தைத் தவறாக அளந்தால் சுவரின் நிழற்பகுதி வெறும் கறுப்பாகிவிடும். பிறகு எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது. திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் சுவரும் அங்கே இல்லை. ஆகவே இந்தக் கரையில் ஒளியை எப்படி அளந்தார்கள் என்பது வெறும் பொழுதுபோக்காளர் கேள்வி அல்ல.

ஒளிமானி என்று தமிழிலும் லைட் மீட்டர் என்று பேச்சிலும் வழங்கும் கருவிக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டுமே அது காணும். பொருள் வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். ஒரு தெருவிலோ வயல்வெளியிலோ இந்த அனுமானம் ஓரளவு பலிக்கும். கடப்பாக்கத்தில் வெயில் பட்ட மணல், மின்னும் கழிநீர், வெளிறிய வானம், செங்கற்சுவர் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. மணலையும் வானத்தையும் பார்த்த மானி ‘ஒளி மிகுதி’ என்று துளையைச் சுருக்கச் சொல்லும். மணல் சாம்பலாகும், கோட்டை கரியாகும். மாமல்லபுரத்தில் அலை நனைத்த கருங்கல்லை நெருங்கி அளந்தால் பிழை எதிர்ப்பக்கம் சாயும்: கல் வெளுத்து, செதுக்கலின் ஆழம் போய்விடும்.

மானி இல்லாத காலம்

ஒளிப்படக் கலை 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856இல் மதராஸ் ஒளிப்படச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு மாகாண அரசின் ஒளிப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எனப் பல இடங்களை அவர் பெரிய அளவு மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் பதிந்தார். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டியிருந்த காலம் அது. எத்தனை நிமிடம் என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. பழக்கமும் குறிப்பேடும்தான் மானி.

அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தது என்பது இன்னொரு சிக்கல். வானம் வெற்று வெள்ளையாக விழும். டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தது இதனால்தான். சிவப்பு நிறமோ கிட்டத்தட்டக் கறுப்பாகப் பதியும். ஆலம்பரை போன்ற செங்கற்கட்டடத்தை அந்தப் பூச்சில் எடுத்தால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் சுவர்கூட இருண்டுவிடும். கண்ணை நம்பி நேரம் கணிப்பவர் இதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும்.

1890ஆம் ஆண்டை அளவீட்டின் தொடக்கம் எனலாம். பூச்சின் மீது விழும் ஒளிக்கும் நெகட்டிவின் கறுப்புக்கும் உள்ள உறவை ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் வரைபடமாகக் காட்டினர். அதே ஆண்டு ஆல்பிரட் வாட்கின்ஸ் தமது மானிக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு துண்டு ஒளியுணர் தாள் இருக்கும். அது குறித்த நிறத்துக்குக் கறுக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, வட்டத்தைத் திருப்பினால் விடை வரும். பின்னாளில் பைக்கடிகார வடிவில் வந்த இதன் சிறிய வகை பெரிதும் பரவியது. பொருளைப் பார்க்காமல், பொருள்மீது விழும் ஒளியை அளப்பதே இதன் சிறப்பு. வெள்ளை மணலும் கருங்கல்லும் இதை ஏமாற்ற முடியாது. பின்னால் வந்த மின்மானிகள் வேகத்துக்காக இந்த நற்குணத்தை விட்டுக்கொடுத்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலும், அலெக்சாண்டர் ரீ 1909இல் வெளியிட்ட பல்லவர் கட்டடக்கலை நூலும் மின்மானிக்கு முந்தைய காலத்தவை. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் சாய்ந்து விழும்போது மட்டுமே உருவங்கள் எழுந்து தெரியும். பிற்பகலில் பாறை முழுதும் நிழலுக்குள் போய்விடும். இத்தகைய இடத்தில் எவ்வளவு ஒளி என்பதைவிட எந்நேரத்து ஒளி என்பதே முதற்கேள்வி.

செலினியம்

கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்த வில்லோபி ஸ்மித், 1873இல் செலினியத்தின் மின்தடை வெளிச்சத்தில் மாறுவதைக் கண்டார். அது ஒளிப்படக்காரர் கைக்கு வர அறுபது ஆண்டு பிடித்தது. அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் 1932இல் 617 என்ற எண்ணுடன் மின்ஒளிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய எட்வர்ட் வெஸ்டன் மின்பொறியாளர். அதே பெயருள்ள புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் வேறொருவர். இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை.

செலினிய மானிக்குப் பேட்டரி வேண்டாம். விழும் ஒளியே மின்சாரமாகி முள்ளை நகர்த்தும். ஆனால் மங்கலில் அது செயலற்றுப்போகும். பார்வைக் கோணமும் அகலமானது. கடற்கரையில் நேராக நீட்டினால் பாதிக்கு மேல் வானத்தையே அளக்கும். மானியைத் தரை நோக்கிச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் இதனால் வந்தது. ஈரமும் இதற்குப் பகை: உப்புக்காற்றில் செல்லின் இணைப்புகள் அரிக்கப்பட்டு முள் சோர்ந்துவிடும்.

திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் வேறு வழியில் போனார்கள். 1940களில் டான் நார்வுட் வடிவமைத்த மானியில் வெள்ளை அரைக்கோளம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. நடிகரின் முகத்தருகே வைத்துக் கேமராவை நோக்கித் திருப்பினால், முகத்தில் விழும் ஒளியை அது அளக்கும். வாட்கின்ஸின் வழி திரும்பி வந்ததாக இதைக் கொள்ளலாம். முகத்தின் நிறம் எதுவாயினும் அளவு மாறாது என்பதால் நம் நாட்டுக்கு இது மிகப் பொருந்திய முறை. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்த எத்தனையோ குடும்பப் படங்களில் முகம் இருண்டிருப்பதற்குக் காரணம், மானி முகத்தை விட்டுக் கடலை அளந்ததுதான்.

சாதாரண வீடுகளுக்கு மானி எட்டாப் பொருளாகவே இருந்தது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III போன்ற பெட்டிக் கேமராக்களில் வெயில், மேகம் என்ற குறிகளே எல்லா அளவும். ஃபிலிம் டப்பாவோடு வரும் தாளில் இருந்த சிறு அட்டவணையே பலருக்கு ஆசான். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் செய்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றிரண்டு ஸ்டாப் மிகை ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். குறை ஒளியைப் பொறுக்காது. அந்தத் தலைமுறை ஓரளவு தப்பித்தது இந்தப் பொறுமையால்தான்.

மெர்குரி பேட்டரியின் எச்சம்

1960களில் காட்மியம் சல்ஃபைடு வந்தது. செலினியத்தைவிட மங்கலிலும் இது அளக்கும். சிறிய இடம் போதும். 1963இல் டாப்கான் ஆர்.ஈ. சூப்பர், அடுத்த ஆண்டு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் என லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமராக்கள் வெளிவந்தன. இன்று ‘பழைய கேமரா’ என்று வாங்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தக் காலத்தவையே. இவற்றின் மானி பொய் சொல்வதற்கான காரணங்களும் அந்தக் காலத்தவை.

முதற்காரணம் பேட்டரி. பி.எக்ஸ். 625 வகை மெர்குரி செல் 1.35 வோல்ட்டைத் தீரும்வரை மாறாமல் தரும். அந்த உறுதியை நம்பியே பல கேமராக்களின் மின்சுற்று அமைக்கப்பட்டது. பாதரசத்தின் நஞ்சு காரணமாக 1990களில் இவை பல நாடுகளில் நிறுத்தப்பட்டன. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். மின்னழுத்தம் கூடினால் மானி இல்லாத வெளிச்சத்தைக் காணும்; படம் இருளும். செல் பழசாகப் பழசாகப் பிழையின் அளவும் மாறிக்கொண்டே போவதால் ஒரே திருத்தமும் போதாது. ஸ்பாட்மேட்டிக் போன்ற சிலவற்றில் சமநிலைச் சுற்று இருப்பதால் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. மற்றவற்றுக்குச் செவித்திறன் கருவிகளில் போடும் 675 துத்தநாகக் காற்று செல் நல்ல மாற்று, சுமார் 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும். திறந்தபின் சில வாரங்களே உழைக்கும் என்பது குறை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டயோடு வைத்த எம்.ஆர். 9 வளையத்துக்குள் சில்வர் ஆக்சைடு செல்லைப் போடுவது நீண்டகால வழி.

இரண்டாவது, காட்மியம் சல்ஃபைடின் ஞாபகம். கடுவெயிலைப் பார்த்த செல் உடனே அதை மறக்காது. மணலில் மூடியின்றித் தொங்கிய கேமராவை எடுத்துக்கொண்டு குடைவரை மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் அளந்தால் அளவு தவறும். லென்ஸை மூடிச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பு ஒளியை இது சற்றுக் கூடுதலாக உணரும் என்பதால் செங்கற்சுவர் முன் கொஞ்சம் தாராளமாகவே ஒளி கொடுக்கலாம்.

கைக்கு வந்த பழைய மானியை நம்பலாமா என்று பார்க்கச் சூரியனே முதல் அளவுகோல். தெளிந்த வானத்தில், வெயில் முதுகுக்குப் பின்னிருக்க, 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு எஃப்/16, 1/125 நொடி என்பது ஏறத்தாழச் சரியான அளவு. சாம்பல் அட்டையை அந்த வெயிலில் வைத்து அளந்து, மானி இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம். பிறகு நிழலிலும் அறைக்குள்ளும் வேறொரு மானியோடு, அல்லது செல்பேசிச் செயலியோடு, ஒப்பிட வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால் கவலையில்லை. ஒரு ஸ்டாப் கூடுதல் காட்டும் மானியில் 400 ஃபிலிமை 200 என்று வைத்தால் சரியாகிவிடும். வெயிலில் சரியாகவும் நிழலில் தவறாகவும் காட்டும் மானியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதோ, அதை மறந்துவிட்டுக் கைமானி வாங்குவதோதான் வழி.

அட்டை இல்லாதபோது உள்ளங்கை உதவும். புறங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும்; உள்ளங்கை அவ்வளவு மாறுவதில்லை. பொருள்மீது விழும் அதே ஒளியில் கையைக் காட்டி அளந்து, சுமார் ஒரு ஸ்டாப் திறக்கலாம். அவரவர் கைக்குச் சரியான திருத்தம் எவ்வளவு என்பதை அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொள்வது நல்லது. மணலையே அளக்க நேர்ந்தால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும். நனைந்த கருங்கல்லை அளந்தால் ஒரு ஸ்டாப் மூட வேண்டும். ஆலம்பரையின் வளைவுகளுக்குள் நெகட்டிவ் ஃபிலிமில் எடுப்பவர் நிழற்பகுதிச் செங்கல்லை நெருங்கி அளப்பதே முறை, வெளியே மணல் வெளுத்தாலும் பரவாயில்லை. ஸ்லைடு ஃபிலிமில் இதற்கு நேர்மாறாக, வெளிச்சப் பகுதியைத்தான் காக்க வேண்டும்.

கடப்பாக்கமும் மாமல்லபுரமும் ஏறத்தாழ 12.3 முதல் 12.6 பாகை வட அட்சரேகைக்குள் அமைந்தவை. சித்திரையின் நடுப்பகுதிக்குச் சற்று முன்பும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாள்களில் எந்த மானி எதைக் காட்டினாலும் செங்குத்துச் சுவரில் வெயில் வழுக்கிக்கொண்டு போகும். மணலிலிருந்து எழும் எதிரொளிதான் சுவருக்கு வெளிச்சம். மானியைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தன் நிழல் விழாமல் அளந்தால், வெயில் படத்தின் வழக்கமான கணக்கிலிருந்து அது எவ்வளவு இறங்குகிறது என்பது முள்ளிலேயே தெரியும்.