பதிவேட்டில் இல்லாத கட்டம்

கிராம சுகாதார செவிலியராக முப்பது வருஷத்துக்கு மேல் திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் வேலை பார்த்தேன். கர்ப்பிணித் தாய்மார் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, குடும்பநலப் பதிவேடு என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப் போனது. இன்றைக்கு எழுதப் போவது, அந்தப் பதிவேடுகளில் நான் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றி.

1988ஆம் வருஷம். விழுப்புரம் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 1993 செப்டம்பரில்தான் பிரிந்தது. நாங்கள் தென்னாற்காட்டுக்காரர்கள். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் அவள் ஒன்றையேதான் சொன்னாள். "உடம்பெல்லாம் வலிக்குது நர்சம்மா. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. தூக்கமே வர மாட்டேங்குது."

நான் கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தேன். வெளுப்பாக இருந்தது. சத்து மாத்திரை கொடுத்தேன். தொங்கு தராசில் குழந்தையை எடை பார்த்தேன். அடுத்த தடுப்பூசி தேதியைச் சொன்னேன். கருத்தடை ஆபரேஷன் பற்றி மாமியாரிடம் பேசினேன். பதிவேட்டில் எல்லாக் கட்டங்களும் நிரம்பின. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

நாலாவது தடவை போனபோது வீட்டில் குழந்தை இல்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தையைத் தொடவே மறுக்கிறாள், கிணற்றடிக்குப் போய் நின்றாள் என்று மாமியார் சொன்னார். குழந்தையை அவளுடைய அம்மா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று ஒரு கோயிலுக்கு அழைத்துப் போக ஏற்பாடு நடந்தது. வேறு எங்கே அனுப்பலாம் என்று யோசித்தால், எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் கீழ்ப்பாக்கம். அந்தப் பெயரைச் சொன்னாலே அந்தக் குடும்பத்தில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1794இல் கம்பெனி டாக்டர் வாலன்டைன் கோனலி சென்னையில் ஒரு பைத்தியக்கார விடுதி தொடங்கினார். 16 பேருக்குத்தான் இடம். அதன் வழியில் வந்ததுதான் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறந்த பெரிய விடுதி. 1922இல் அதை மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் 1912ஆம் வருஷச் சட்டம் மாறவில்லை. நோயாளியை உள்ளே சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு என்பதுதான் அந்தச் சட்டத்தின் முக்கிய வழி. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993இல்தான். ஆக, நான் சொல்லும் அந்த 1988இலும் வெள்ளைக்காரன் சட்டமே நடந்துகொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கத்தினால், துணியைக் கிழித்தால், தெருவில் ஓடினால், அதாவது மற்றவர்களுக்குத் தொந்தரவு ஆனால்தான் ஒருத்தி அந்த விடுதியின் கணக்கில் வருவாள். நெல் அவித்து, மாடு கழுவி, சோறாக்கி, ராத்திரி தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவள் எந்தக் கணக்கிலும் வர மாட்டாள்.

நல்ல மாற்றமும் அதே இடத்தில்தான் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல், 98 வயதில் காலமானார்.

சரி, இந்தச் சத்தமில்லாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? சர்க்கரை மாதிரி ரத்தத்தில் பார்க்க முடியாது, பிரஷர் மாதிரி கையில் பட்டை கட்டிப் பார்க்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகக் கேள்வித்தாள்கள் செய்தார்கள். இங்கிலாந்தில் மாக்ஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் 1960இல் வெளியிட்ட அளவுகோல் உலகம் முழுக்கப் பரவியது. அதை அவர் முதலில் 49 நோயாளிகளை வைத்துச் செய்து பார்த்தார். அந்த 49 பேரும் ஆண்கள். ஓய்வு பெற்ற பிறகு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு என்று தனியாக ஒரு கேள்வித்தாள் 1987இல் வந்தது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தின் பெயரில் வந்த பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தப்பு நடந்தால் உங்களையே நொந்துகொள்கிறீர்களா என்று எளிமையான கேள்விகள்தான். நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே உலகத்தில் அது இருந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் அதன் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்து வெளியிட்டது 2005இல்.

அதே சி.எம்.சி. டாக்டர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலூர் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளிடம் பேசி, பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். 100 பேருக்கு 11 பேர் வீதம் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் என்று பார்த்தால், வருமானம் குறைந்தவள், ஆண் குழந்தை வேண்டும் என்று இருந்த வீட்டில் பெண்ணைப் பெற்றவள், மாமியாரோடும் பெற்றவர்களோடும் ஒத்துப்போகாதவள், கை உதவிக்கு ஆள் இல்லாதவள். அந்தப் பட்டியலைப் படித்தபோது நான் போன வீட்டுத் திண்ணை அப்படியே கண்முன் வந்தது.

"நம் ஊர்ப் பெண்கள் மனசைச் சொல்ல மாட்டார்கள், உடம்பைத்தான் சொல்வார்கள்" என்று படித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. 1999இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று உண்டு. 14 நாடுகள். நம் பெங்களூரும் அதில் ஒன்று. சாதாரண மருத்துவமனைக்கு வந்தவர்களில் மனச்சோர்வு இருந்த 1,146 பேரைக் கவனித்தார்கள். 100க்கு 69 பேர் வலி, அசதி என்று உடம்புக் குறையை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தவர்கள். வெள்ளைக்காரர்களும் இதில் அடக்கம். ஆனால் நேராக மனசைப் பற்றிக் கேட்டபோது, அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தவர்கள் 100க்கு 11 பேர்தான். மற்றவர்கள் கேட்டவுடன் சொல்லியிருக்கிறார்கள்.

எந்தச் சொல்லால் கேட்பது என்பதும் முக்கியம். "உனக்கு மனச்சோர்வா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்குப் புரியும்? "வெறுப்பா இருக்குது", "மனசு கெடந்து அடிச்சிக்குது", "எதுலயும் மனசு ஒட்டல" என்றுதான் பேசுவார்கள். இங்கிலாந்தில் குடியேறிய பஞ்சாபிகள் "நெஞ்சு கீழே இறங்குகிறது" என்று சொன்னதை, அங்கிருந்த மருத்துவர்கள் வெறும் இதய நோயாகப் பார்த்தால் நோய் தெரியாது என்று 1989இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் இதற்குக் குஃபுங்கிசிசா என்று பெயர். ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். நம் டாக்டர் விக்ரம் படேல் அங்கே வேலை செய்தபோது, அந்த ஊர்ச் சொற்களை வைத்தே 14 கேள்விகள் தயாரானது. பிறகு டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர், டாக்டர்கள் போதாததால் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் மர பெஞ்சில் உட்கார வைத்தார். பாட்டி கேட்பாள், வந்தவள் சொல்வாள். அதில் பலருக்குக் குணம் தெரிந்தது என்று 2016இல் ஆய்வு வெளிவந்தது.

கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் சேவைக்கு நானும் போயிருக்கிறேன். வீட்டில் வாயே திறக்காத பெண்கள் அங்கே தலைவிரித்து ஆடி, அலறி, மாமியார் பெயரையும் புருஷன் பெயரையும் சொல்லி நியாயம் கேட்பார்கள். சுற்றி நிற்பவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். அவளுக்கு அந்த ஒரு இடமாவது இருந்தது. நம்பிக்கையில் தப்பில்லை, வைத்தியத்தை நிறுத்துவதுதான் தப்பு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் போனதை நாம் மறக்கக் கூடாது.

அந்தப் பெண்ணை, மாமியாரின் கையைப் பிடித்துக் கெஞ்சி, பஸ் ஏற்றிப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போனேன். இரண்டு மாதத்தில் தெளிந்தாள். ஆனால் குழந்தை மூன்று வயது வரை பாட்டி வீட்டில்தான் வளர்ந்தது. அம்மாவை அத்தை என்று கூப்பிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

இப்போது வசதி இருக்கிறது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

பல வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் பழப்பை. அந்த இரண்டாவது மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, பார்க்கப் போகிறாளாம். பழைய பேச்சு வந்தது. "அப்பல்லாம் நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துகினே இருப்பேன் நர்சம்மா. வந்து கொழந்தைய தூக்கி எட பாத்துட்டு போயிடுவீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை. மகளிடம் என்ன கேட்கப் போகிறாய் என்றேன். "ராத்திரி தூங்குறியா, மனசு எப்டி இருக்குதுன்னு கேப்பேன். அப்பறந்தான் கொழந்தைய தூக்குவேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ பிள்ளை பெற்றிருந்தால், அவளிடம் இதைக் கேட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவும் பாட்டியும் இந்த வருத்தத்துக்கு என்ன சொல் சொன்னார்கள் என்று நினைவிருந்தால், எனக்கும் எழுதுங்கள். அந்தச் சொற்களையாவது ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.