திண்ணைக் கூரைச் சட்டகம்

திண்ணைக் கூரைச் சட்டகம் என்பது தமிழக வீடுகளில் தெருவைப் பார்த்த திண்ணையின் மேற்கூரையைத் தாங்கும் தூண், உத்திரம், கைமரம் ஆகியவற்றின் கட்டமைப்பு. வேயும் பொருள், கிடைக்கும் மரத்தின் நீளம், வீட்டுச் சுவரின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் முறை அமையும்.

மரபு முறைகள் மூவகைப்படும். முதல் வகையில் வீட்டுக் கூரையின் கைமரங்களே சுவரைத் தாண்டி நீண்டு, தூண்களின் மேலுள்ள உத்திரத்தில் அமர்கின்றன. கூரை ஒரே சரிவாக இருப்பதால் இடையில் ஒழுகாது. ஆனால் நீளமான மரம் வேண்டும். போகப்போகக் கூரை தாழ்வதால் திண்ணையை அதிகம் அகலப்படுத்த முடியாது.

இரண்டாம் வகை சாய்ப்பு. இதில் கைமரத்தின் மேல்முனை வீட்டுச் சுவரையும் கீழ்முனை உத்திரத்தையும் பற்றியிருக்கும். குட்டை மரமே போதும், கட்டிய வீட்டிலும் பின்னர் சேர்க்கலாம். சுவரும் கூரையும் கூடும் இடத்தைக் காரையிட்டு அடைக்காவிட்டால் மழைநீர் இறங்கும். சிறிய வீடுகளுக்கு இதுவே ஏற்றது.

மூன்றாவது மெட்ராஸ் டெர்ரஸ் எனப்படும் மட்டக்கூரை. தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு மிகாத இடைவெளியில் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டில் குத்தாக அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரையும் தட்டோடும் வரும். எடை மிகுதி என்பதால் பருத்த உத்திரமும் தூணும் தேவை.

சரிவுக் கூரையில் ஓட்டின் வகையும் சட்டகத்தை மாற்றும். நாட்டு ஓடு சிறியது, அடுக்கடுக்காக வேயப்படுவதால் கனமானது. ஆகவே கைமரங்களின் மேல் வரிச்சுகளை நெருக்கிக் கட்டுவர். கைமரத்துக்கு வயிரம் பாய்ந்த பனை பெரிதும் பயன்பட்டது. பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் பரவிய மங்களூர் ஓடு, ஏறத்தாழ ஓரடிக்கு ஒன்றாக அடித்த ரீப்பர் என்னும் குறுக்குச் சட்டங்களில் மாட்டிக்கொள்கிறது. கிடைமட்டத்தில் இரண்டடிக்கு ஓரடியாவது இறக்கம் இல்லையேல், காற்றோடு வரும் மழை ஓட்டிடுக்கில் புகும்.

தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே வைக்கும் போதிகை, உத்திரம் தாங்குதலின்றி நிற்கும் நீளத்தைக் குறைத்து வளைவைத் தடுக்கிறது. மரத்தூணின் அடியில் ஈரமும் கறையானும் ஏறாமலிருக்கக் கல்பீடம் வைப்பர். செட்டிநாட்டு வீடுகளின் சிறப்பான தூண்கள் பர்மா தேக்கால் ஆனவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அம்மரத்தின் வரத்து தடைப்பட்டது.

இக்காலத்தில் இரும்புக் குழாய்ச் சட்டகமும் ஷீட்டும், அல்லது கான்கிரீட் போர்டிகோவும் வழக்கிலுள்ளன. எடை குறைந்த ஷீட்டைப் புயல்காற்று தூக்கக்கூடும் என்பதால் தூண்களைக் கான்கிரீட் அடித்தளத்தில் பதிப்பர்.