பானைக்குள் போகக்கூடாத பெயர்கள்

ஒரு வழக்கைத் தீர்த்துவைக்க யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு எழுந்தால், நல்லவர் யார் என்று தேடுவதே நம் வழக்கம். ஊருக்கு மூத்தவர், வாக்குத் தவறாதவர் என்று பெயர்களை அடுக்குவோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூர் மகாசபை, ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியம் என்ற குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது, இதே கேள்வியை மறுமுனையிலிருந்து பிடித்தது: யார் கூடாது? குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்தெடுத்த அந்தக் குடவோலை முறை என்றதும் எல்லோருக்கும் பானைதான் நினைவுக்கு வருகிறது. பாடப்புத்தகங்களும் அதையே சொல்லித் தருகின்றன. ஆனால் அந்த முறையின் உயிர், பானைக்குள் எந்தப் பெயர் போகக்கூடாது என்ற விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. முதலில் வகுத்த விதி போதவில்லை என்று இரண்டே ஆண்டில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். முப்பதிலிருந்து அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, முப்பத்தைந்திலிருந்து எழுபது வரை என்றானது. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை தகுதிகள். அதன் பிறகுதான் விலக்குகள் நீளுகின்றன. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது; அதோடு நிற்காமல் அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. கணக்கை மறைத்தவன் தான் வர முடியாதபோது மைத்துனனை அனுப்புவான் என்பது சபைக்குத் தெரிந்திருக்கிறது. பொதுவாக ‘உறவினர்’ என்று எழுதினால் நாளை எவனாவது பொருள் சொல்லித் தப்புவான் என்பதும் தெரிந்திருக்கிறது.

இப்படிச் சலித்த பிறகுதான் பானை வருகிறது. ஊரின் முப்பது குடும்புகளிலும் (வட்டங்களிலும்) பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியோர் பெரியோர் அனைவரும் கூடியிருக்க, ஊரிலிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் எல்லோரும் மண்டபத்தில் இருத்தப்படுவார்கள். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்திலிட்டுக் குலுக்கியபின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். அவர் அந்த ஓலையை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடங்கிய விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா? மத்தியஸ்தர் படித்த ஓலையை நம்பிமார் அனைவரும் திரும்பப் படித்த பின்பே அந்தப் பெயர் செல்லும்.

குலுக்கலில் திறமையற்றவர் வந்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பன்னிருவர் கொண்ட சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுமே எடுக்கப்பட்டார்கள். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட பிரமதேய ஊர். நிலமற்றவருக்கும் உழுதவருக்கும் பெண்களுக்கும் இங்கே ஓலை கிடையாது. இதை மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை என்றே நானும் சொல்வேன். ஆனால் அதே காரணத்தால் இந்தச் சான்று கூர்மையாகிறது. ஒரே குலம், ஒரே கல்வி, ஏறக்குறைய ஒரே நிலவளம் கொண்டவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பிவிடவில்லை. ஒத்தவர்களிடையே இத்தனை காவல் தேவைப்பட்டதென்றால், பலதரப்பட்டவர் கூடும் இடத்தில் நல்ல மனிதர் என்ற பெயர் ஒன்றே போதும் என்று எப்படிச் சொல்வது?

தேர்வானவருக்கும் காலம் 360 நாள்தான். நடுவில் குற்றம் வெளிப்பட்டால் அப்போதே நீக்கம். காலம் முடிந்ததும், ஊரின் பன்னிரண்டு சேரிகளிலும் (தெருக்களிலும்) தர்மகாரியங்களைக் கண்காணிக்கும் வாரியர் மத்தியஸ்தரைக் கொண்டு சபை கூட்டி அடுத்த குடவோலையை நடத்தினார்கள். அரசன் ஆணைப்படி அதிகாரி சோமாசிபெருமான் உடனிருக்க இந்த ஏற்பாடு வகுக்கப்பட்டது. சபையார் பணிக்க இதை எழுதியவர் அவ்வூர் மத்தியஸ்தர் ஒருவர். கையை விரித்தே வாங்க வேண்டும் என்ற விதியையும் அவர் கையே எழுதியது.