கரித்துண்டும் காலக் கணிப்பும்

மண்ணினின்றும் தோண்டியெடுக்கப்படும் பொருள் தன் வயதைத் தானே கூறுவதில்லை. நாணயமோ சாசனமோ உடன் கிடைப்பின் வரலாற்றாசிரியன் ஓரளவு துணிந்து காலம் வகுப்பான். எழுத்தறியா மக்கள் விட்டுச் சென்ற அடுப்புக்கரிக்கும் எலும்புக்கும் அத்தகைய துணை இல்லை. 1940களின் இறுதிவரை அவற்றின் காலம் பெரும்பாலும் மட்பாண்ட ஒப்புமையாலும் மண்ணடுக்கின் தடிப்பாலுமே ஊகிக்கப்பட்டது. இந்நிலையை மாற்றியவர் சிக்காகோச் சர்வகலாசாலையின் இரசாயனப் பேராசிரியர் வில்லாட் லிபி. 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயின் அவர் கண்ட முறை வரலாற்றாராய்ச்சிக்கு உற்ற கருவியாய் அமைந்தமைக்கு, அதிகம் பேசப்படாத வேறொரு பணியும் காரணமாகும். யாருடைய மாதிரியை ஏற்பது, எதனை விடுப்பது, ஏற்பதாயின் எவ்விவரங்களோடு ஏற்பது என்பவற்றைத் தீர்மானித்த பணியே அது.

முறையின் அடிப்படை எளியது. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்து நைதரசனைத் தாக்குவதால் கதிர்த்தொழிற்பாடுடைய காபன் 14 உண்டாகின்றது. தாவரங்கள் அதனை மற்றைக் காபனோடு சேர்த்து உட்கொள்கின்றன. அவற்றை உண்ணும் பிராணிகளின் உடலிலும் அது சேர்கின்றது. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். லிபி கொண்ட கணக்கின்படி 5,568 ஆண்டுகளில் அது பாதியாகும். எஞ்சியதை அளந்தால் வயது தெரியும்.

அளப்பதுதான் அரிதாயிருந்தது. உயிருள்ள பொருளினின்றும் பெற்ற காபனிலேயே ஒரு கிராமில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 அணுக்களே சிதைகின்றன. சூழவுள்ள கதிர்களோ காப்பற்ற கருவியில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்காகப் பதிவாயின. தடித்த இரும்புக் கவசத்தாலும், அளவியைச் சுற்றி நிறுத்திய காவல் அளவிகளாலும், லிபியும் அவர்தம் மாணாக்கரான அண்டர்சனும் அவ்விரைச்சலை ஏறத்தாழ ஐந்தாகக் குறைத்தனர். புதிய மரத்தின் காபன் அக்கருவியில் தந்த எண்ணிக்கையும் ஏழுக்குள்ளேயே அடங்கிற்று! ஆதலின் ஒரு மாதிரியை ஏறத்தாழ 48 மணி நேரம் எண்ணவேண்டியிருந்தது. ஒரு கருவி ஆண்டு முழுவதும் ஓயாது இயங்கினும் 182 அளவைகளுக்கு மேல் இயலாது. ஐயம் தீர்க்கும் மறு அளவைகளும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். மேலும், அளவைக்கு ஏறத்தாழ 8 கிராம் தூய காபன் தேவைப்பட்டது. அதனைப் பெறுவதற்கு மாதிரியை எரித்தேயாகவேண்டும். நூதனசாலையில் பேணப்பட்ட ஒரு பொருளின் துண்டைக் கொடுப்பவர் அதனைத் திரும்பக் காண்பதில்லை.

முதற்கண் வயது தெரிந்த பொருள்களே வேண்டப்பட்டன. எகிப்திய மன்னன் சோசரின் கல்லறை மரம் அவற்றுள் தலையாயது. ஆய்கூடத்தின் முதலாவது மாதிரி எண்ணும் அதற்கே வழங்கப்பட்டது. வரலாற்றறிஞர் கணக்கில் அதன் வயது ஏறத்தாழ 4,650 ஆண்டு. ஆய்கூடமோ 3,979 ஆண்டு என்றும், அதில் 350 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் கண்டது. வேறுபாடு சிறிதன்று. எனினும் ஸ்நெபெரு மன்னனின் கல்லறை மரம் முதலிய மற்றைய மாதிரிகள் எதிர்பார்த்த கோட்டை ஒட்டி அமைந்தன. லிபியும் ஆணல்டும் 1949 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டபோது, பொருந்தாத சோசரையும் பட்டியலினின்றும் நீக்கவில்லை. இந்நேர்மையின் பயன் பின்னரே விளங்கிற்று.

வயது தெரியாப் பொருள்களுக்கு வழி திறந்ததும் வேண்டுகோள்கள் பெருகுதல் இயல்பே. லிபி இரசாயனவியலர், எந்தக் கரித்துண்டு எந்த வரலாற்றுச் சிக்கலை அவிழ்க்கும் என்று தீர்ப்பது அவர் தொழிலன்று. 1948இல் அமெரிக்க மானிடவியற் சங்கம் பிரெடரிக் ஜோன்சனைத் தலைவராகக் கொண்டு ஒரு குழுவை நியமித்தது. கொலியரும் றெயினியும் அதில் உறுப்பினராயினர். புவிச்சரிதவியலாளர் சார்பில் பிளின்ற் இணைந்தார். இக்குழு உலகின் தொல்பொருட் சிக்கல்களைப் பகுதி பகுதியாக வகுத்து, ஒவ்வொன்றிலும் வல்லாரைத் துணைகொண்டு, தீர்வுக்கு இன்றியமையாத மாதிரிகளைத் தெரிந்தது. வந்தவரை வரிசையில் நிறுத்தும் முறை இஃதன்று. அதனால் சிலர் காத்திருக்க நேர்ந்திருக்கும். ஆயினும் ஒரே ஆய்கூடமிருந்த காலத்தில் வேறு வழி காண்டல் அரிது.

தெரிவின் சிறப்புக்கு விஸ்கொன்சின் மாநிலத்து ரூ கிறீக்ஸ் என்னுமிடமே தக்க சான்று. மிச்சிகன் ஏரிக்கரையில், பனிப்பாறையின் இறுதிப் படர்ச்சி சாய்த்துப் புதைத்த ஊசியிலைக் காடொன்று அங்கே உளது. அப்படர்ச்சி ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று பலர் கருதியிருந்தனர். அங்கிருந்து வந்த ஐந்து மாதிரிகளின் சராசரி 11,404 ஆண்டு என வந்தது. அமெரிக்காவின் ஆதிகுடிகள் பற்றிய காலக்கணக்கு முழுவதையும் இம்முடிவு அசைத்துவிட்டது. ஈராக்கிலுள்ள ஜார்மோவின் அனுபவம் வேறு. உழவின் தொடக்கத்தை அறிதற்கு அங்கிருந்து வந்த முதல் மாதிரி நத்தையோடு. அது 6,707 ஆண்டு என்றது. பிற்பட்ட மாதிரிகள் தந்த விடைகளோ தம்முள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேறுபட்டன. சுண்ணாம்புக்கல்லின் பழங்காபன் ஓட்டினுள் சேரக்கூடும். வேர்கள் புதுக்காபனைக் கொணரக்கூடும். கருவி எண்ணுமேயன்றி, எண்ணப்படுவது எங்கிருந்து வந்ததென்று அறியாது. அதனைக் கூறவேண்டியவர் அகழ்ந்தவரே. லிபியின் அட்டவணைகளில் ஒவ்வோர் எண்ணின் அருகிலும் பொருள், இடம், அனுப்பியவர் பெயர் என்பன குறிக்கப்பட்டிருத்தல் இதனாலேயாம்.

1950களில் அணுக்குண்டுச் சோதனைத் தூசி திண்மக் காபனில் படிந்து அளவையைக் கெடுத்தமையால், குரோனிங்கனில் டி விரீஸ் வளர்த்த வாயு முறையே எங்கும் பரவிற்று. 1954இல் லிபி அணுசக்தி ஆணைக்குழுவுக்குச் சென்றார். அதற்குள் வேறு பல நாடுகளிலும் ஆய்கூடங்கள் தோன்றியிருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துக்குறி கொண்டது; 1959 முதல் அவற்றின் பட்டியல்கள் பொது ஏடொன்றில் வெளிவரலாயின. 1962இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர், அரைவாழ்வுக்காலம் 5,730 ஆண்டு என்பதே திருத்தமானது எனக் கண்டும், முன்னும் பின்னும் வரும் பட்டியல்கள் குழம்பாதிருத்தற்பொருட்டு லிபியின் பழைய எண்ணையே வெளியீட்டில் தொடர்ந்து ஆள்வதெனத் தீர்மானித்தனர்.

பம்பாயில் ராட்டா ஆராய்ச்சி நிலையத்து ஆய்கூடம் 1960களின் முற்பகுதியில் இப்பணியில் இறங்கிற்று. காளிபங்கன், லோதல் முதலிய இடங்களின் மாதிரிகளைக்கொண்டு, சிந்துவெளி நாகரிகம் கி. மு. 2300 முதல் 1750 வரை நிலவியதென 1964இல் அகர்வால் எழுதினார். பின்னர் மரவளையங்களை ஒப்பிட்டபோது, வளிமண்டலத்தில் காபன் 14 எக்காலத்தும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதும், கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுப் பொருள்கள் சில நூற்றாண்டு இளமையாகத் தோன்றும் என்பதும் வெளிப்பட்டன. சோசரின் மரம் காட்டிய குறையிலும் ஒரு பகுதி இதனாலானது. முதிர்ந்த சிந்துவெளிக் காலம் இன்று கி. மு. 2600 முதல் 1900 வரை எனக் கொள்ளப்படுகின்றது. இத்திருத்தத்துக்காக எரிந்துபோன கரியை எவரும் மீண்டும் தேடவேண்டியதாயில்லை. அதன் எழுத்துக்குறியும் தொடரெண்ணும், முதலில் எண்ணிய அளவும், பட்டியலில் இருந்தபடியே இருந்தன.