யாருடைய முடிவு? எக்ஸ்பி, பாஸ் லினக்ஸ், பாடு: சில குறிப்புகள்

2014 ஏப்ரல் 8க்குப் பிறகு விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது என மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அந்தத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பு தமிழக அரசு தன் துறைகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. எக்ஸ்பியிலிருந்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கு மாறுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த விண்டோசை வாங்குங்கள் என்று சொல்லாமல், அந்த வரிசையிலிருந்தே வெளியே வாருங்கள் என்று ஒரு மாநில அரசு சொன்னது. பத்திரிகைகளில் ஓரிரு நாள் செய்தியாக வந்தது, போயிற்று. இடதுசாரிப் பத்திரிகைகள்கூட இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் என்றால் அது எஞ்சினியர் சமாச்சாரம், நமக்கென்ன என்கிற மனநிலை நம்மிடம் இன்னும் போகவில்லை.

இங்கே 'மேம்படுத்தல்' என்கிற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. மேலே போவது நல்லது, போகாதவன் பின்தங்கியவன். ஆனால் ஏப்ரல் 8ஆம் தேதி ஓடிய எக்ஸ்பி எந்திரம் 9ஆம் தேதியும் அப்படியேதான் ஓடியது. அதற்குள் எதுவும் தேய்ந்துபோகவில்லை, துருப்பிடிக்கவில்லை. 'பழசு' என்பது அந்த எந்திரத்தின் குணம் இல்லை, அதன்மீது வேறோர் இடத்திலிருந்து ஒட்டப்பட்ட சீட்டு. அப்படீன்னா ஒட்டுகிறவன் ஒட்டட்டும், நாம் பாட்டுக்கு இருப்போம் என்று இருந்துவிட முடியுமா? முடியாது. ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அடைக்க ஆள் இருக்காது. 2017 மே மாதம் வான்னக்ரை என்னும் கிருமி உலகெங்கும் பரவியபோது ஆந்திரப் போலீசின் கணிப்பொறிகளும் முடங்கின. அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உலக அளவில் அதிகம் அடிபட்டவை எக்ஸ்பி எந்திரங்கள் அல்ல, விண்டோஸ் 7 எந்திரங்கள். அவற்றுக்கான திருத்தம் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது, யாரும் போட்டுக்கொள்ளவில்லை. ஆபத்து வயதில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. பராமரிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் அரசியல் கேள்வி.

இந்தக் கேள்வியைப் பழவேற்காட்டிலிருந்து கேட்டுப் பார்க்கலாம். டச்சுக்காரன் கெல்டிரியா கோட்டை கட்டிய 1613இலிருந்து வெளியூர்க்காரர்களின் முடிவுகளைச் சுமந்துவரும் ஊர் அது. அந்த ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. குறிப்பிட்ட நீரோட்ட வழிகளில் குறிப்பிட்ட வலையைக் கட்டுகிற உரிமை அது. எந்த நாளில் யார் எங்கே என்பது சீட்டுப் போட்டு முடிவாகும், முறை சுழன்று வரும். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது. வலையின் வகையும் பாட்டோடு கட்டுண்டது. ஒருவன் தன் வசதிக்கு ஒரு புது வலையைக் கொண்டுவந்து இறக்கிவிட முடியாது. வலையை மாற்றினால் பங்கு மாறும், பங்கு மாறினால் பஞ்சாயத்து கூடியே ஆக வேண்டும். கருவி என்பது அங்கே உறவு.

இதை ஆதி கம்யூனிசமாக்கிக் கொண்டாட வேண்டாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் 'தலைக்கட்டு' என்று எண்ணப்படும் பட்டினவர் ஆண்களுக்குத்தான் பாடு. தலித்துகளுக்கு இல்லை, பெண்களுக்கு இல்லை. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறிய பிறகு விடுபட்டவர்கள் பங்கு கேட்டார்கள், தகராறுகள் நடந்தன. கூடி முடிவெடுப்பதிலும் யார் கூடலாம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. ஆனாலும் ஒன்று. சண்டை போடுவதற்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது, எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். எக்ஸ்பிக்கு நாள் குறித்தவனோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

அதே கரையில், யாரும் கூடாமலே நடந்த மாற்றங்களும் உண்டு. பருத்தி நூல் வலை போய் நைலான் வந்தது. நைலான் மட்காது, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துக் காயவைக்கும் வேலை மிச்சம், மீனும் கூடுதல். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் வீட்டில் நூல் நூற்ற கைகளுக்கு வேலை போயிற்று, வலைக்கான பணம் ஊரைவிட்டு வெளியே போகத் தொடங்கியது. இன்றைக்குத் திரும்பிப் போகலாம் என்றால் நூற்கத் தெரிந்தவர் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்துக்கு இதையேதான் செய்தன. இலவசமாக வந்தது படகு. எஞ்சினுக்கு எண்ணெய் இலவசமில்லை.

கணிப்பொறியில் தமிழுக்கும் இப்படியொரு 'நூல்' கதை இருக்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது சொந்தக் கதை. 90களில் நாம் பேஜ்மேக்கரில் அச்சுக் கோத்தவை பெரும்பாலும் எழுத்துருத் தந்திரத்தால் ஆனவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தோம். நம் கண்ணுக்கு அது தமிழ், எந்திரத்துக்கோ அர்த்தமில்லாத ரோமன் குப்பை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரப்படுத்தியது. அதற்குள் யூனிகோட் வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 2000 தமிழைத் தமிழாகவே அறிந்தது. 2010இல் அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. பேஜ்மேக்கரோ 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அதே கம்பெனியின் இன்டிசைன் இந்திய மொழிகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012இல்தான். இடைப்பட்ட காலத்தில் அச்சகத்துக்காரர் என்ன செய்வார்? பழைய எந்திரத்தை, பழைய எக்ஸ்பியை, அப்படியே போட்டு ஓட்டினார். இதை அறியாமை என்று சிரித்தவர்கள் உண்டு. அது அறியாமை இல்லை, கணக்கு. எல்லாக் கோப்பையும் மாற்றுகிற செலவை அவர் தலையில் கட்டிவிட்டு மேம்படுத்தச் சொல்கிறவர்கள் தரவேண்டிய கணக்கு.

சரி, 2014 அறிவுறுத்தலுக்கு வருவோம். அது வெறும் வெளியிலிருந்து விழுந்ததல்ல. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் இருந்த 2006, 2007 ஆண்டுகளில் லினக்சுக்கு மாறும் முயற்சி முனைப்போடு நடந்தது. பள்ளிகளுக்கு சூசே லினக்ஸ் போட்ட எந்திரங்கள் வாங்கப்பட்டன. அவர் அங்கிருந்து போனபின் அந்த வேகம் இல்லை. ஓர் அதிகாரியோடு வந்து அவரோடு போகிற மாற்றத்தின் கதி அதுதான். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது, அதுவும் பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே. அந்த மடிக்கணினிகளில் விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்சும் இருந்தது. மாணவர் கையில் முடிவு இருந்தது என்று இதைச் சொல்லலாம்தான். லினக்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தர ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ் மட்டும். இந்த நிலையில் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? இடத்தை அடைக்கிறதே என்று லினக்சை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்டான். தேர்வு கொடுக்கப்பட்டது, தேர்ந்தெடுக்கும் நிலைமை கொடுக்கப்படவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் வேறுவிதமாக நடந்தது. மைக்ரோசாஃப்ட் சார்ந்த பயிற்சிக்கு ஆசிரியர் இயக்கத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது. பிறகு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பாடநூல், பயிற்சி, தேர்வு எல்லாமே கட்டற்ற மென்பொருளில் நடந்தன. முடிவு எடுத்தவர்களும் அதைச் சுமக்க வேண்டியவர்களும் ஓரளவு ஒரே ஆட்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்தாண்டுக்கு மேல் லினக்சில் இருந்துவிட்டு 2017இல் விண்டோசுக்குத் திரும்பத் தீர்மானித்தது. 'பார்த்தீங்களா, ஓடாது' என்பதற்கு அதைச் சான்று காட்டுவார்கள். மேயர் மாறினால் மாறிப்போகிற முடிவாக அது இருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

தமிழ்நாட்டில் 2014க்குப் பிறகு அலுவலக மேசைகளில் பெரும்பாலும் விண்டோஸ்தான் நீடித்தது. இதற்கு ஊழியர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது சுலபம். ஆனால் துறை மென்பொருள்கள், பழைய எழுத்துருவில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்கள், அதற்கேற்ப வாங்கிய பிரிண்டர்கள் எல்லாம் அப்படியே இருக்க, அடித்தளத்தை மட்டும் மாற்று என்று காகிதத்தில் சொன்னால் எப்படி மாறும்? முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். அதை எடுப்பதற்கு, விற்றவன் குறித்த தேதி வரை காத்திருந்ததுதான் கோளாறு. எதிராளி விதித்த நாளில் எதிராளியை விட்டு வெளியேற முயன்றோம்.

தேதிகள் நிற்பதில்லை. 2020 ஜனவரி 14இல் விண்டோஸ் 7 முடிந்தது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது, மடிக்கணினியே வகுப்பறையாயிற்று. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் முடிவு வந்தது. இந்தத் தடவை புதுசுக்குப் போக ஆசைப்பட்டாலும் எந்திரம் விடாது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2011இல் கொடுத்த மடிக்கணினி எதுவும் அந்த வாசலில் நிற்கக்கூட முடியாது. அதே எந்திரத்தில் எடை குறைந்த ஒரு லினக்ஸ் இன்றும் ஓடும், திருத்தமும் வரும். இது ஊகம் அல்ல, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் ஒன்றை எடுத்துச் செய்து பார்க்கக்கூடியது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதற்குள் டாமிலும் வானவில்லிலும் பாமினியிலும் தட்டச்சு செய்த கட்டுரையோ, சங்கத்துத் தீர்மானமோ, மீனவர் கூட்டுறவின் கணக்கோ இருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பேஜ்மேக்கர் கோப்பு என்றால் சிக்கல் கூடுதல், முதலில் அதைத் திறக்க பேஜ்மேக்கர் ஓடுகிற எந்திரம் வேண்டும். பல பத்திரிகைகளின் 90களின் இதழ்கள் இப்போது அப்படி ஏதோ ஓர் அச்சகத்து மூலையில், ஒரே ஒரு எக்ஸ்பி எந்திரத்தின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன.