பீட்டா சோதனையும் கூலியும்

பீட்டா சோதனை என்பது, ஒரு மென்பொருளை முறையாக வெளியிடும் முன் நிறுவனத்துக்கு வெளியே உள்ள பயனர்களிடம் கொடுத்து அதன் குறைகளை அறியும் முறையாகும். இதை வெள்ளோட்டம் என்றும் கூறலாம். இதில் ஈடுபடுவோருக்கு நிறுவனம் பணம் தர வேண்டுமா என்பது நெடுநாள் கேள்வி.

பெயரும் தொடக்கமும்

ஐபிஎம் நிறுவனம் 1950-களில் தன் கருவிகளுக்கு நடத்திய சோதனைகளை ஏ, பி என எழுத்திட்டு அழைத்தது. அவற்றின் கிரேக்க வடிவங்களே ஆல்பா, பீட்டா. அச்சோதனைகளைச் செய்தவர்கள் சம்பளம் பெற்ற ஊழியர்கள். பிற்காலத்தில் மென்பொருள் பலவகைக் கணினிகளிலும் அச்சுப்பொறிகளிலும் இயங்க வேண்டியிருந்தது. அத்தனை வகைகளையும் ஒரே ஆய்வகத்தில் திரட்ட இயலாது. எனவே பீட்டா சோதனை வெளியாரிடம் சென்றது; சம்பளம் உடன் செல்லவில்லை.

பயனரே பணம் கொடுத்த காலம்

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. அதற்கு முன்பே அதன் முன்னோட்டப் பதிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அமெரிக்காவில் 19.95 டாலருக்கு விற்றது. ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸ் இயக்குதளத்தின் பொதுப் பீட்டாவை 2000 செப்டம்பரில் 29.95 டாலருக்குக் கொடுத்தது. வாங்கியவர்களுக்கு, மறு ஆண்டு வந்த முழுப் பதிப்பின் விலையில் 30 டாலர் குறைக்கப்பட்டது. இரண்டு சோதனைப் பதிப்புகளும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் செயலிழந்தன. உழைப்பும், கோப்புகள் அழியும் அபாயமும் பயனருடையவை. புதியதை முதலில் பார்க்கும் ஆர்வத்தால் பலர் அதை ஏற்றனர்.

வழுவுக்குப் பரிசு

1995 அக்டோபரில் நெட்ஸ்கேப் நிறுவனம் வேறு வழியைக் கையாண்டது. தன் நேவிகேட்டர் 2.0 உலாவியின் பீட்டா பதிப்பில் கடுமையான பாதுகாப்பு வழுவைக் கண்டறிவோருக்குப் பணப் பரிசு அறிவித்தது. மொசில்லா 2004-இலும், கூகுள் தன் குரோம் உலாவிக்காக 2010-இலும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. ஆனால் இது கண்டுபிடிப்புக்குரிய பரிசே தவிர, நேரத்துக்குரிய கூலி அன்று. மூன்று மாதம் சோதித்தும் வழு எதையும் காணாதவருக்கு எதுவும் கிடைக்காது. அவர் கணினியில் மென்பொருள் பழுதின்றி இயங்கியது என்பதும் நிறுவனத்துக்குப் பயனுள்ள செய்தியே.

தன்னார்வமா, வேலையா?

இக்கேள்வியோடு ஒப்பிடத்தக்க வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை அறைகளைத் தன்னார்வலர்கள் கவனித்து வந்தனர். அவர்களுக்கு நேர ஒதுக்கீடும், எழுதித் தர வேண்டிய அறிக்கைகளும் இருந்தன. கைம்மாறாகக் கிடைத்தது இணையக் கட்டணச் சலுகை. தாங்கள் செய்தது ஊதியத்துக்குரிய வேலை என்று அவர்களுள் சிலர் 1999-இல் வழக்குத் தொடுத்தனர். 2010-இல் 1.5 கோடி டாலர் இழப்பீட்டுடன் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எனவே அவர்கள் தொழிலாளர்களா என்ற கேள்விக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

இலட்சக்கணக்கான பயனர்களுக்குக் கூலி தருவது இயலாது என்பது நிறுவனங்கள் தரப்பு வாதம். பணத்துக்காக வருபவர் இயல்பான பயனர்போல் நடந்துகொள்ள மாட்டார் என்பதும் கருதத்தக்கதே. ஆயினும் விருப்பம்போல் பயன்படுத்திப் பார்ப்பது வேறு. இன்ன பகுதியை இத்தனை மணி நேரம் சோதித்து அறிக்கை தர வேண்டும் எனக் கட்டளை பெறுவது வேறு. முன்னதற்கு நன்றி போதும். பின்னதற்குக் கூலி தருவதே முறை.