வள்ளி: கொடியிலிருந்து கிழங்குக்கு

பூந்தமல்லிக் கடைத்தெருவில் கிழங்குக்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசி மழை பிடிக்கும்போது ஒன்றிரண்டு தள்ளுவண்டிகளில் தலைகாட்டும். கார்த்திகையில் கூடும். மார்கழித் திருவாதிரைக் கூட்டுக்கும் தைப்பொங்கல் குழம்புக்கும் மொச்சை, பறங்கி, கருணையோடு சேர்ந்து குவியும். சிவந்த தோலில் ஈரமண் அப்பியிருக்கும். “சக்கரவள்ளி எவ்ளோம்மா?” என்று கேட்டால் விற்கிற அம்மா விலையைச் சொல்லிவிட்டு, “வள்ளிக்கெழங்கு நேத்து தோண்டுனதும்மா, பாத்து எடுத்துக்க” என்பார். பேச்சு ஓட்டத்தில் சர்க்கரை உதிர்ந்துவிடுகிறது. வள்ளி உதிர்வதில்லை. அந்தக் கிழங்கின் உயிர்ப்பெயர் அதுதான்.

ஆனால் இந்தக் கிழங்கு நம் நாட்டில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியரின் கப்பல் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்தது. வள்ளி என்ற சொல்லோ சங்கப் பாட்டில் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குப் பின் வந்து இறங்கிய ஒரு பயிர், எப்படி அந்தப் பழம்பெயருக்கு உரிமை பெற்றது?

வேரிலிருந்து தொடங்குவோம். ‘வள்’ வளைவைச் சொல்லும் வேர். வளை, வளையம், வளையல் எல்லாம் அதன் கிளைகள். வளைந்து சுற்றிப் படர்வதால் கொடி வள்ளி ஆயிற்று. வடமொழியின் ‘வல்லீ’யும் கொடிதான், அது திராவிட மொழிகளிலிருந்து அங்கே போனது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பூந்தமல்லிக்காரர்களுக்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. ஊரின் எழுத்துப் பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது; காஞ்சி வரதனுக்கு அவர் நாள்தோறும் பூ கொண்டுபோனதாக வைணவ மரபு சொல்கிறது. இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி. ஊரின் பெயரில் ஒரு கொடி, ஊர்ச் சந்தையின் கிழங்கில் ஒரு கொடி.

கொடியைக் குறித்த சொல், அந்தக் கொடி மண்ணுக்குள் சேர்த்துவைக்கும் உணவுக்கும் பெயராவது இயல்பு. சங்ககாலத்து வள்ளி, இன்று தாவரவியலார் டயஸ்கோரியா என்று சொல்லும் பேரினம். மரத்தைப் பற்றிச் சுற்றி ஏறும், இதய வடிவில் இலைவிடும், நிலத்துக்கடியில் மாவுக்கிழங்கு வைக்கும். புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்புமலை உழவர் உழாமலேயே தரும் பொருள்கள் நான்கைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தரும் முற்றுகையிட்ட மலைக்குள் மக்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர் தரும் விடை இது. அந்த நான்கில் மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியது வள்ளி ஒன்றே. உழாத நிலத்தின் உறுதியான உணவு அது.

குறிஞ்சியின் கடவுள் முருகன். அவன் மணந்த வேடர்குலப் பெண்ணின் பெயரும் இதே சொல்தான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பதால் வள்ளி என்று பெயர் வைத்ததாகக் கந்தபுராணம் சொல்லும். கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தக் கதைக்குத் தொண்டைநாட்டு வள்ளிமலையைக் களமாக்கினார். வேலூர் மாவட்டத்தில் இன்றும் அந்த மலை இருக்கிறது. வள்ளியை மணந்த தலம் என்று கொண்டாடப்படும் திருத்தணி, பூந்தமல்லி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கிழங்கின் பெயரைத் தெய்வத்துக்கு வைத்துக் கும்பிட்ட மக்கள், அந்தக் கிழங்கை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்!

இனி கடலுக்கு அப்பால் போவோம். 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த தாயினோ மக்கள் ஓர் இனிப்புக் கிழங்கைப் பயிரிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் பத்தாத்தா. கிழங்கோடு பெயரும் ஸ்பெயினுக்குப் போனது, போர்ச்சுக்கலுக்குப் போனது, ஆங்கிலத்தில் பொட்டேட்டோ ஆனது. இன்று நாம் உருளைக்கிழங்கு என்று சொல்வதை ஆங்கிலேயர் அதற்குப் பிறகே அறிந்தார்கள். ஜான் ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில் வெறும் ‘பொட்டேட்டோ’ என்பது இனிப்புக் கிழங்குதான். உருளைக்கு ‘வர்ஜீனியா’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. பிறகு உருளை பெருகி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. முதல் உரிமையாளன் தன் பெயருக்கு முன்னால் ‘ஸ்வீட்’ என்று ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தியக் கரையிலும் அந்தச் சொல் இறங்கியது. மராத்தியிலும் குஜராத்தியிலும் பட்டாட்டா என்றால் உருளைக்கிழங்கு. இலங்கையில் அது சரியான கிழங்கின்மேல் உட்கார்ந்தது: சிங்களத்தில் பத்தல, யாழ்ப்பாணத் தமிழில் வற்றாளங்கிழங்கு. இரண்டும் பத்தாத்தாவின் ஒலிவழி வந்தவை என்றே நான் படிக்கிறேன். இந்திக்காரர்கள் சர்க்கரையையும் கிழங்கையும் சேர்த்து ‘ஷகர்கந்த்’ என்றார்கள்.

தமிழ்நாட்டில் பத்தாத்தா நுழையவில்லை. புதுக்காய்களுக்குப் பெயர் வைப்பதில் நம்மவர்களுக்குப் பல வழிகள் இருந்தன. மிளகுபோல் காரம் என்பதால் மிளகாய். பறங்கியர் கொண்டுவந்தது என்பதால் பறங்கிக்காய். ஆனால் இந்தக் கிழங்கைக் கையில் வாங்கிய உழவர், அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்று பார்க்கவில்லை. இதய வடிவ இலையைப் பார்த்தார். படரும் கொடியைப் பார்த்தார். தோண்டியபோது மாவுக்கிழங்கைப் பார்த்தார். இது வள்ளி, ஆனால் இனிக்கிறது என்று முடிவு கட்டினார். சர்க்கரைவள்ளி.

அந்த முடிவு எத்தனை கூர்மையானது என்பது நடவைப் பார்த்தால் விளங்கும். சர்க்கரைவள்ளிக்கு விதைக்கிழங்கு நடுவதில்லை. முந்திய பயிரின் கொடியைக் கணுக்களோடு வெட்டி, பார்மேல் ஊன்றுகிறார்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் கிழங்கு. இடையில் படர்ந்த கொடியைத் தூக்கிப் புரட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு வேர்விட்டுச் சிறுகிழங்குகளாகச் சிதறிப்போகும். நடுவது கொடி, தூக்கிவிடுவது கொடி, மறுபோகத்துக்கு எடுத்துவைப்பதும் கொடி. உழவர் கையில் அது கிழங்காக இருக்கும் நேரம் அறுவடை நாள்தான். கொடியின் பெயரையே அதற்கு வைத்தது, அதை வளர்த்த கைகளின் அறிவு.

தாவரவியல் இதை ஒப்புக்கொள்ளாது. சங்ககால வள்ளிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் குல உறவே இல்லை. சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைத் தேடினால், ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் படரும் வள்ளைக்கீரையில் போய் நிற்கும். இரண்டும் ஐப்போமியா என்ற ஒரே பேரினம். இரண்டின் பூவையும் அருகருகே வைத்தால் உடன்பிறப்பு என்று தெரியும். பெண்ணின் காதுக்குப் பழம்பாட்டுகள் உவமையாக்கிய வள்ளை அதுவே. வள்ளி, வள்ளை இரண்டுக்கும் வேர் ‘வள்’தான். ஆக, தாவரவியல் வழியில் போனாலும் இந்தக் கிழங்கு அந்த வேரைவிட்டு விலகவில்லை. இதை முதலில் கண்டுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

‘சர்க்கரை’யையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வடமொழியில் அதன் மூலப்பொருள் சரளைக்கல், பருக்கை. கரும்புப்பாகைக் காய்ச்சிப் பருக்கையாக்கியபோது அந்தப் பெயர் இனிப்புக்கு வந்தது. பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய்ச் சுகர் ஆயிற்று. தமிழில் நெடுங்காலம் சர்க்கரை என்றால் கரும்பு வெல்லம்தான். சர்க்கரைப் பொங்கலும் நாட்டுச்சர்க்கரையும் அந்தப் பொருளைக் காத்து நிற்கின்றன. தென்மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரை சீனி. கிழங்கும் அங்கே சீனிக்கிழங்கு. சென்னைப் பக்கம் தேநீரில் போடுவதும் சர்க்கரை, கிழங்கின் பெயரிலும் சர்க்கரை. இன்று அந்தச் சொல் நோயின் பெயராகவும் ஆகிவிட்டதால், பெயரைக் கேட்டே கிழங்கை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேகவைத்த கிழங்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம், சுட்ட கிழங்கைவிடக் குறைவு. மெதுவாகச் சுடும்போது மாவு மால்ட்டோஸ் என்னும் இனிப்பாக மாறுவதும் ஒரு காரணம். அளவு தெரிந்து உண்ணலாம். பெயருக்கு அஞ்ச வேண்டாம்.

அடுத்து வந்தது மரவள்ளி. அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். சேலத்தில் 1940களில் ஜவ்வரிசித் தொழில் அதன்மேல் எழுந்தது. இந்தச் செடி படர்வதே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் குச்சியாக நிமிர்ந்து நிற்கும். அதனால்தான் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. ஆனாலும் அது வள்ளி ஆயிற்று. இந்த இடத்தில் சொல் தன் பயணத்தை முடித்துவிட்டது: கொடியாக இருந்த வள்ளி, கொடியின் கிழங்காகி, கடைசியில் கொடியே இல்லாத கிழங்காகவும் ஆனது.

இதில் இழந்தவர் ஒருவர் உண்டு. பழைய வள்ளி. பெயர் முழுவதும் வந்தவர்களுக்குப் போனதால், அது தனக்கு அடைமொழி தேட வேண்டியதாயிற்று. காட்டில் விளைந்தால் காட்டுவள்ளி. ஊதா நிறத்தில் விளைவதை ஈழத்தில் இராசவள்ளி என்பார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவர்கள் காய்ச்சும் இராசவள்ளிக் கஞ்சியை ஒருமுறை உண்டவர் மறக்கமாட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிக்காரரும் பளியரும் இன்றும் காட்டுவள்ளி தோண்டுகிறார்கள். கபிலர் சொன்ன கிழங்கு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. நகரச் சந்தையில்தான் அதற்கு இடமில்லை.

பெயர் இப்படிக் கைமாறியது தமிழில் மட்டும் நடக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் முதன்மை உணவுகளில் ஒன்று இதே டயஸ்கோரியா. அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அமெரிக்கா கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அந்த மண்ணில் கிடைத்தது சர்க்கரைவள்ளி. ஊரில் உண்ட கிழங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள்: யாம். 1930களில் லூசியானா விவசாயிகள் செம்மஞ்சள் சதைகொண்ட தங்கள் கிழங்கை அந்தப் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் நவம்பரில் நன்றிகூறும் நாள் விருந்துக்கு ‘யாம்’ என்று வாங்குவது பெரும்பாலும் சர்க்கரைவள்ளியே. அவர்களுக்கு அது இலையுதிர்காலம்; நமக்கு ஐப்பசி, கார்த்திகை, பழைய கணக்கில் கூதிர். ஒரே மாதங்களில், இரண்டு கண்டங்களின் சந்தைகளில், ஒரே கிழங்கு இன்னொரு கிழங்கின் பெயரால் விலைபோகிறது. அங்கே பெயர் வைத்தவர்கள் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள். சொல் ஒன்றுதான் அவர்கள் கையில் மிச்சம். இதை நினைக்கும்போது, ‘தவறான பெயர்’ என்று தாவரவியல் நூல்கள் இதைத் திருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்டு பிழைத்தவர்கள் வைத்த பெயர் தவறாகாது.

பூந்தமல்லிக்கே திரும்புவோம். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டு, பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதிவரை சென்னை மாநகரத்தின் காய்கறி இந்தச் சாலைவழியாகவே போனது. நகரம் இந்தப் பக்கத்தை நம்பி உண்ட மாதங்கள் அவை. இன்று இதே சாலையோரங்களில் குளிரூட்டிய பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. அவற்றில் கிழங்கை நெகிழி உறையில் கட்டி ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். தமிழ் எழுத்தில் இருந்தாலும், பல இடங்களில் ‘ஸ்வீட் பொட்டேட்டோ’ என்றுதான் இருக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தும் தமிழுக்குள் நுழையாமல் நின்ற பத்தாத்தா, இப்போது விலைச்சீட்டு வழியாக நுழைகிறது. அதனோடு வள்ளி வெளியேறுகிறது.

தள்ளுவண்டி அம்மா அந்தப் பெயரை விடவில்லை. நாமும் விடக்கூடாது. இந்தப் பருவத்தில் கிழங்கு வாங்கும்போது கனமானதாக, துளையில்லாததாகப் பாருங்கள். துளையிருந்தால் கூன்வண்டு குடைந்திருக்கும், கிழங்கு கசக்கும். அங்காடியில் வாங்கினால், விலைச்சீட்டில் வள்ளிக்கிழங்கு என்று எழுதச் சொல்லி அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். அவர்கள் மாற்றும்வரை கேளுங்கள்.